சிலேட்டில் எழுதிய பெயர்

குற்றாலம் பஸ் மேலகரத்தை நெருங்கியதும் எல்லோரும் மலை பார்க்க ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நான் மறுபக்கம், பூட்டிக்கிடக்கும் நூல் மில்லின் கேட்டைப் பார்ப்பேன்.

அங்கேதான் வேலை பார்த்தேன். முதலாளி கத்தோலிக்கர். ஆஸ்பத்திரி கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார். அதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டில் இல்லாத ஒன்றுதான் எனக்கு வேண்டும். கேட்டுக்குள்ளே கல்லடுக்கி, குகை மாதிரி ஒரு மாதா கெபி. வீட்டில் நோயாளி இருந்தால் அங்கே தொங்கும் சிலேட்டில் பெயர் எழுதலாம். காலை ஷிப்டுக்கு முன்னால் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபம் பண்ணுவார். எந்த மதத்துக்காரர் என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

புனலூர் பக்கம் வேலைக்கு என்று செங்கோட்டையில் ரயிலேறிய என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பேன், அது வேறு விஷயம். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது. மாமியார் வீட்டிலோ அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். அந்தப் பெயர் காதில் விழாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் சிலேட்டில் எழுதிவிட்டேன்.

மறுநாள் முதலாளி அதை வாசித்தபோது முந்தானையைக் கடித்து அழுகையை அடக்கினேன். அப்புறம் தினமும் எழுதினேன். அதுதான் வினையாகப் போயிற்று. பாவம், கடுமையான சீக்கு போல என்று நினைத்து, டைம் ஆபீஸில் விலாசம் கேட்டு, ஒரு சாயங்காலம் டாக்டரோடும் ஆரஞ்சுப் பையோடும் முதலாளி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்கனம்மா படுத்திருக்காரு?"

"சீக்காளி இல்ல மொதலாளி. ஆளே இல்ல. பேரக் கேக்கணும்னுதான் எழுதுதேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பையை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் எழுதும்மா. நான் வாசிக்கேன்."

சாகிறவரைக்கும் வாசித்தார். மில்லை அவர் பிள்ளைகள் விற்றார்கள், வாங்கியவர்கள் பூட்டினார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நன்றாகவே நடக்கின்றன. எனக்குத்தான் அந்தக் குரலைக் கேட்காத காலை காலையாகவே இல்லை.

போன வாரம் அங்கே இறங்கினேன். கெபியில் சிலேட் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் முதலாளி பெயரைச் சொன்னேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, என் வீட்டுக்காரர் பெயரையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.