யோசெப்பின் ஒளித்த பதினொரு துண்டுகள்

யோசெப்பின் மன்னாரில் வலைப்பந்து ஆடியவள். கோல் போட வருகிறவளை மறித்து நிற்பது அவளுடைய இடம். எதிரியின் முகத்தை நம்பினாலும் ஏமாறலாம், கையை நம்பினாலும் ஏமாறலாம், இடுப்பு திரும்பும் பக்கம்தான் கால் போகும் என்பது பதினாறு வயதிலேயே அவளுக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டு மொன்றியலில் ஒருவனைக் கவிழ்ப்பாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

1984இல் அகதியாக வந்தவளுக்கு, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் வோயாஜர்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணியின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கால்பந்து என்று பெயர்தானே ஒழிய, தலையில் கவசம் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் தூக்கி ஓடுகிற ஆட்டம் அது. பல்கலைக்கழக ஆட்டங்களின் படச்சுருள்கள் தபாலில் வரும். அவற்றை வெட்டி, வீரனுக்கு ஒரு சுருளாக ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு பெப்ரவரியிலும் அணிகள் முறைவைத்து அந்த இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும். அதை டிராஃப்ட் என்பார்கள். வோயாஜர்ஸுக்கு யாரை எடுப்பது என்று சொல்வது லாம்பெரின் பொறுப்பு.

லாம்பெருக்குப் பின்காவல்காரர்கள் விஷயத்தில் கண் போதாது. எதிரணி ஓட்டக்காரன் பாய்ந்து வர, பின்காவல்காரன் பின்பக்கமாகவே ஓடி, அவன் திரும்பும் கணத்தில் தானும் திரும்பி, பந்து அவன் கைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். ஒருநாள் லாம்பெர் திரையில் ஒருவனை மெச்சிக்கொண்டிருந்தபோது, யோசெப்பின் பசைத் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அவன் திரும்ப மூன்று எட்டு வைக்கிறான். நேற்றுப் பார்த்தவன் ஒரே எட்டில் திரும்புகிறான்."

லாம்பெர் படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். அவள் சொன்னது சரி.

அன்றிலிருந்து சுருளோடு குறிப்பும் எழுதித் தரும்படி கேட்டான். எழுதினாள். எத்தனை எட்டில் திரும்புகிறான், ஓட்டக்காரனின் இடுப்பைப் பார்க்கிறானா, பந்து எறிபவனைப் பார்க்கிறானா, ஏமாந்தபின் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறான் என்று எல்லாம். 1985இல் அவள் குறித்த இருவரை அணி எடுத்தது, இருவரும் வந்த வருடமே பேர் வாங்கினார்கள். பத்திரிகையில் லாம்பெரின் படம் வந்தது. 'கழுகுக்கண்' என்று எழுதியிருந்தார்கள். யோசெப்பின் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அவளுடைய கணவர் அருமைராசா கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட, தனக்கு நிரந்தர வேலை உண்டென்று அலுவலகக் கடிதம் ஒன்று தேவை. லாம்பெர் தருகிறேன் என்றான். ஆவணியில் கேட்டாள், அடுத்த கிழமை என்றான். புரட்டாதியில் கேட்டாள். ஐப்பசியில் ஒருநாள், கதவுக்கு அப்பால் அவன் செயலாளரிடம் சொல்வது அவள் காதில் விழுந்தது. படம் ஒட்டுகிறவளுக்கு நிரந்தர வேலை என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கூட்டுகிறவனும் வந்து நிற்பான் என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கார்த்திகையில் பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்து அருமைராசாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு மாதம் தடுப்பு முகாம்.

யோசெப்பின் அழுதது செலீனுக்கு மட்டும் தெரியும். செலீன் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள், டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவள். வேலையை விட்டுவிடச் சொன்னாள்.

"விடமாட்டன்," என்றாள் யோசெப்பின். "அவன் என்ரை கண்ணாலைதான் பாக்கிறான். அந்தக் கண்ணை நான் மூடிக் காட்டுறன்."

அந்த வருடம் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் ட்ரெவர். ஒன்ராறியோப் பெடியன், காற்றாய் ஓடுவான், எதிரணியின் பந்தை ஒன்பது தடவை பறித்திருந்தான். ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது அவன் கால்கள் பின்னிக்கொண்டன, கண்ணும் பந்து எறிபவனிடம் ஓடிவிட்டது. அப்படி அவன் ஏமாந்த ஆட்டத் துண்டுகள் பதினொன்று. யோசெப்பின் அந்தப் பதினொன்றையும் வெட்டி எடுத்து ஒரு தகரப் பேணிக்குள் சுருட்டி வைத்தாள். மிச்சத்தை ஒட்டியபோது ட்ரெவர் குறையில்லாத வீரனாகத் தெரிந்தான். குறிப்பில், 'இரு பக்கமும் ஒரே எட்டில் திரும்புகிறான்' என்று எழுதினாள்.

அன்றிரவு அவள் செய்ததை அறிந்து செலீன் கேட்டாள்: "அந்தப் பெடியன் உனக்கென்னடி செய்தவன்?"

யோசெப்பின் மறுநாள் சுருளை லாம்பெரிடம் கொடுத்தாள். அந்தக் குறிப்பையும் கிழிக்காமல் கொடுத்தாள்.

லாம்பெர் தன் முறை வந்ததும் ட்ரெவரின் பெயரைச் சொன்னான். எல்லா ஆட்டங்களையும் தானே பார்த்ததாக அறிக்கையில் கையெழுத்தும் வைத்தான். இரு பக்கமும் ஒரே எட்டில் திரும்பத் தெரிந்தும் யோசெப்பின் சுருள் ஒட்டாமல் ஒதுக்கிய மெலிந்த ஹலிஃபக்ஸ்காரன் ஒருவனை வேறொரு அணி எடுத்துக்கொண்டது. ஆடி மாதம் பந்தயங்கள் தொடங்கின. மூன்றாம் பந்தயத்திலேயே எதிரணிகள் ட்ரெவரின் இடப்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டன. அடுத்த ஐந்தில் நாலு தோல்வி. அரங்கத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூவென்று கேலிசெய்தார்கள்.

புரட்டாதியில் யோசெப்பின் அந்தத் தகரப் பேணியை முகாமையாளரின் மேசையில் வைத்தாள். பழைய சுருள்களை அடுக்கும்போது கிடைத்தது என்றாள். முகாமையாளர் பதினொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு லாம்பெரைக் கூப்பிட்டார். இவற்றைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றால் அவன் குருடன். பார்க்கவில்லை என்றால் பொய்க் கையெழுத்து. படம் ஒட்டுகிறவளின் குறிப்பை நம்பினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மத்தியானமே மேசையை ஒழித்துக்கொண்டு போனான். யோசெப்பின் யன்னலருகே நின்று, அவன் கார் தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்தாள். அவளுக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

ட்ரெவரையும் அதே கிழமை அணியிலிருந்து நிறுத்தினார்கள். வேறு அணிக்கு அனுப்பத் தன் படச்சுருள் ஒன்று வேண்டுமென்று வந்து நின்றான். ஒட்டிக் கொடுத்தாள். இடப்பக்கம் திரும்பும்போது கண்ணை ஓட்டக்காரனின் இடுப்பில் வைத்துக்கொள் என்றாள். அவன் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். எந்த அணியும் அவனை எடுத்ததாக அவள் கேள்விப்படவில்லை. அதை நினைத்தால் மட்டும் அவளுக்கு நெஞ்சு கனக்கும்.

பிறகு அவள் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவர்கள் ஒரே நாளில் கடிதம் கொடுத்தார்கள். 1988இல் அருமைராசா வந்து சேர்ந்தார்.

அடுத்த வருடம் புரோசார்ட்டில் ஒரு கடைத்தொகுதியில், சப்பாத்துக் கடை வாசலில் லாம்பெர் நின்றான். அங்கே வேலை. அருமைராசாவோடு வந்த அவளைக் கண்டதும் அடையாளம் பிடித்து, இத்தனை காலம் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அந்தத் துண்டுகளை நீதானே வெட்டினாய்?"

"நான்தான். நீ கடிதம் தராததுக்கு."

லாம்பெர் நெற்றியைச் சுருக்கினான். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான்.

"எந்தக் கடிதம்?"

தடுப்பு முகாமில் அடிபட்டு ஒரு காது கேளாமல் போன அருமைராசா, யோசெப்பினின் சட்டைக் கையைப் பிடித்து, "என்னவாம்?" என்று கேட்டார். அவள் அவரை முன்னுக்கு இழுத்து லாம்பெரின் எதிரே நிறுத்தினாள். பிறகு ஆவணியில் தொடங்கி, மாதம் மாதமாக, ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினாள். லாம்பெர் இரண்டு தடவை கடைக்குள்ளே போகப் பார்த்தான். அவள் அவனுடைய இடுப்பைப் பார்த்து, இரண்டு தடவையும் மறித்தாள்.