குறை இல்லாத கட்டு

விறகில் எத்தனை விதமாகக் குறை காணலாம் என்று என்னிடம் கேளுங்கள், ஒரு பாடமே நடத்துவேன். பதினொரு வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் பார்த்துக் கேட்டுச் சலித்த விஷயம் அது.

கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கொம்புகளை மிலாறு என்போம். அம்மா அதைப் பொறுக்கிக் காயவைத்து, வேலையில்லாத ஞாயிறுகளில் மலைக்குக் கீழே கொடகவெலை டவுனுக்குக் கொண்டுபோய் விற்பாள். அவள் தலையில் இரண்டு கட்டு, என் தலையில் ஒன்று. சாப்பாட்டுக் கடை முதலாளிக்குத் தடித்த கொம்புகள்தான் வேண்டும், "மே மொனவத அக்கே, இதென்ன ஈர்க்குச்சியா?" என்று பாதி சிங்களத்தில் பாதி தமிழில் கேலி செய்வார். தையல்காரர் மனைவிக்குத் தடித்ததைக் கண்டாலே ஆகாது. அவர் கழித்ததை இவரிடமும் இவர் கழித்ததை அவரிடமும் தள்ளி அம்மா எப்படியோ சமாளித்துவிடுவாள்.

மூன்றாவது வீட்டில்தான் என் பொறுமை போய்விடும். தபால் கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயாவின் வீடு அது. அந்தத் தெருவில் வேறு தமிழ் வீடு கிடையாது. கேஸ் அடுப்பு இருந்தும் சோறு மட்டும் விறகில்தான் வேக வேண்டும் என்பது அவர் மனைவியான அந்த அம்மாவின் பிடிவாதம். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கொம்பாக எடுத்து, முகர்ந்தும் பார்ப்பார்.

"இதைப் பாரும், பச்சை மரம். இதை எரிச்சால் என்ர கண் என்னத்துக்காகும்?"

"எங்கங்க பச்சை? மூனு வாரமா காஞ்சதுங்க. மேலதான் மழை பட்டிருக்கு."

இப்படித் தொடங்கும் வழக்கு, தேத்தண்ணீர் வந்து, அம்மா குசினிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசித் தீரும்வரை முடியாது. எனக்கோ மூன்று மணிக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டு டிவியில் படம். நாங்கள் மலையேறிப் போய்ச் சேரும்போது கடைசிச் சண்டை நடந்துகொண்டிருக்கும். வில்லன் என்ன தப்புச் செய்தான் என்று தெரியாமலே அவன் அடிவாங்குவதை எத்தனை வாரம்தான் பார்ப்பது?

ஆகவே ஒரு குறையும் இல்லாத கட்டு ஒன்றைத் தயாரிப்பதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை முழுக்க அதுதான் வேலை. கொம்புகளைத் தகரக் கூரையில் பரப்பிக் காயவைத்தேன். ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து ஒரே அளவாக முறித்தேன். 'படக்' என்று முறியாததை எல்லாம் வீசிவிட்டேன். எறும்பைக்கூடத் தட்டிவிட்டேன்.

அந்த வாரம் அக்காவைப் பெண் கேட்டு வந்து போயிருந்தார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று அம்மாவுக்கு ஒரே குழப்பம். எங்கள் வரிசை வீட்டு லயத்தில் ஒருத்தியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் இருபது காம்பராவுக்கும் தெரிந்துவிடும் என்று வாயே திறக்காமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா என் கட்டைப் பிரித்தார். எடுத்தார், முறித்தார், முகர்ந்தார். அடிவரை போய்விட்டார்.

"ம்... நல்ல விறகுதான்" என்றார்.

வழக்கும் இல்லை, தேத்தண்ணீரும் இல்லை. காசைக் கொடுத்தார். அம்மா குசினிப் படியை ஒருமுறை பார்த்தாள். "அப்ப வாறோமுங்க" என்றாள். "ஓம், போட்டு வாங்கோ" என்றார் அவர். கேற்றைச் சாத்துவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம்.

படத்தை எழுத்துப் போடுவதிலிருந்து பார்த்தேன். என்ன ஆனந்தம்! அம்மா மட்டும் வாசல் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு, கழுவி வைத்த சட்டியை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அடுத்த ஞாயிறும் நானே கட்டினேன். புறப்படும் நேரத்தில் அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் சொட்டும் இரண்டு கொம்புகளைக் கொண்டுவந்து என் கட்டின் நடுவில் செருகினாள்.

"அம்மா, அது ஈரம்மா!"

"எங்க ஈரம்? காஞ்சுதான் இருக்கு. தூக்கு, நேரமாவுது."

அந்த அம்மா அதைத் தேடிப்பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"இதென்ன, கிணத்துக்குள்ள ஊறப்போட்டே கொண்டு வந்தனீர்?"

"சும்மா சொல்லாதீங்கம்மா, கையில ஒட்டவே இல்லையே!" என்று அம்மா கூசாமல் வாதாடினாள். வாதம் முடிந்து தேத்தண்ணீர் வந்தது. பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோழிக்குஞ்சு பார்க்க என்னை விரட்டினார்கள். அக்காவின் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்தது. எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது, படம் முழுக்கப் போய்விட்டது. அம்மா என்னைவிட வேகமாக மலையேறினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பாவிடம் போனேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, சொட்டச் சொட்ட நனைந்த கொம்புகூடத் தெரியவில்லை, சீக்கிரம் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஏறக்குறைய அழுதுகொண்டே சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மாவின் கண்ணுக்கு இவ்வளவு பெரிய வருத்தம் வந்திருக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.