துரை பங்களாவா, அண்ணன் வீடா?

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் இடத்தில், தாதி சுவரில் தொங்கிய உலகப் படத்தில் இலங்கையைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் எடுத்தார். கண்டுபிடித்ததும் "ட்ரோப்பன்!" என்றார், நான் ஏதோ நோயின் பெயரைச் சொன்ன மாதிரி. வெப்பமண்டலம். பிறகு அறிவுரைகள் வரிசையாக வந்தன. கொசுவலை, தொப்பி, வெயிலுக்குப் பூசக் களிம்பு. அங்குள்ள தண்ணீரில் பல்கூடத் துலக்கக்கூடாது. நான் என் ஓட்டை ஜெர்மனில், "நாங்கள் போவது மலைக்கு. ஜூலையில் மழையும் குளிரும்தான் இருக்கும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறேன்" என்றேன். பாவம், இவளுக்கு மொழி வரவில்லை என்பது போல் என்னைப் பரிவோடு பார்த்தார். "வெயில்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, விரலால் கூரையைக் காட்டினார். மலையிலிருந்து பீலிக் குழாயில் வரும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அப்போது. இப்போது உங்களுடையது இங்கத்திய உடம்பு" என்று சொல்லி, பிள்ளைகளுக்குக் குத்திய கையோடு எனக்கும் ஒரு ஊசி குத்தினார். பிறந்த ஊருக்குப் போக எனக்கே தடுப்பூசி.

சுவிஸ்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே கோயில் திருவிழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் நம்மவர்கள் முதலில் கேட்பது, ஊரில் எந்த இடம் என்பதைத்தான். நான் பூண்டுலோயா என்பேன். அவர்களில் அநேகர் யாழ்ப்பாணத்தார். பூண்டுலோயா தெரியாது, நுவரெலியா தெரியும். உடனே முகம் மலர்ந்துவிடும். "நல்ல குளிர் இடம். பள்ளிக்கூடத்தில டூர் கூட்டிக்கொண்டு போனவை." அவ்வளவுதான் பேச்சு. பூக்களையும் ஏரியையும் பார்த்துவிட்டு பஸ் ஏறித் திரும்பியவர்கள். பஸ் கண்ணாடிக்கு வெளியே கொழுந்துக் கூடை சுமந்து நின்றது என் அம்மாவாகக்கூட இருக்கலாம் என்று சொன்னால் விருந்து கெட்டுவிடும். கட்லெட்டைக் கடித்துக்கொண்டு நானும் ஆமாம், நல்ல குளிர் என்பேன்.

என் கணவரும் யாழ்ப்பாணம்தான். நல்ல மனிதர். கொழும்பில் துணிக்கடையில் நின்ற என்னைப் பார்த்து, பிடித்துப்போய், தன் வீட்டாரின் முறுமுறுப்பைப் பொருட்படுத்தாமல் கட்டிக்கொண்டு வந்தவர். ஆனால் விடுமுறைத் திட்டம் போட உட்கார்ந்தால் அவருக்குள் ஒரு சுற்றுலா அதிகாரி புகுந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மா வீட்டில் இரண்டு வாரம். திருகோணமலையில் கடல். கடைசியாக "மலைநாடு, இரண்டு இரவு." அதற்கு அவர் எடுத்திருந்த விடுதியின் படத்தைக் காட்டியபோது என் முகத்தில் ஈயாடவில்லை. அது நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் துரை பங்களா.

சின்ன வயதில் அந்தப் பங்களாவுக்கு முன்னால் போகும் பாதையில் நாங்கள் நடந்ததில்லை. நடந்தால் காவல்காரர் விரட்டுவார். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைதான் எங்களுக்கு. துரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்பார். நாங்களும் நிற்போம். ஜீப் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்போம், எதற்கும் இருக்கட்டும் என்று. இப்போது அதே பங்களாவில் விருந்தாளிகளுக்குக் 'கொழுந்து பறிக்கும் அனுபவம்' உண்டாம். விடியற்காலையில் எழுப்பி, சேலை கட்டிவிட்டு, முதுகில் கூடை மாட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்துவார்களாம். கொழுந்து குறைந்தால் அரைநாள் கணக்கில் அரைப்பேர் போட்டுச் சம்பளத்தை வெட்டுவார்களா என்பதை மட்டும் இணையத்தில் எழுதவில்லை. என் மூத்த மகளுக்குப் பதினொரு வயது, அவள் அதற்குப் பெயர் கொடுக்கத் துடித்தாள். "பிள்ளையளுக்கு ஒரு அனுபவம்தானே" என்றார் கணவர். என் அம்மா அந்த அனுபவத்தை முன்பதிவு செய்யாமலே ஆயுள் முழுவதும் பெற்றார் என்றேன். அவர் கேட்காதது போல் விமான டிக்கெட் பக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அண்ணன் வாட்ஸ்அப்பில் வந்தார். அண்ணன் இன்னும் அதே தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். முகத்தைக் காட்டாமல் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி எதையோ காட்டினார். லயத்தின் கோடியில், புதிதாகத் தகரம் போட்ட சின்ன அறை. உள்ளே பளபளவென்று வெள்ளைக் கொமட்.

"புள்ளைங்க எப்படி உக்காரும்னு யோசிச்சேன் தங்கச்சி. ஹட்டன்லருந்து ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன், ஒடஞ்சிரக்கூடாதுன்னு."

பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "லயத்துல உள்ளவங்க பூரா வந்து பாத்துட்டுப் போறாங்க. உக்காந்து பாக்கவான்னு வேற கேக்குறாங்க! மொதல்ல எங்க புள்ளைங்கதான்னு ஒங்க அண்ணன் பூட்டுப் போட்டு வச்சிருக்காரு."

எங்கள் காலத்தில் லயத்துக்கே பொதுவாக இருந்தது கதவில்லாத கக்கூஸ் வரிசை. பெண்பிள்ளைகள் இருட்டுவதற்காகக் காத்திருப்போம். அந்த இடத்தில் இன்று என் பிள்ளைகளுக்காக ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. பங்களாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தேன்.

அண்ணன் வீட்டிலேயே தங்கலாமே என்று கணவரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே புண்பட்டுப் போனார். "உமக்காகத்தானப்பா அந்தப் பங்களாவ எடுத்தனான். உம்மட தோட்டத்தில நீர் ராணி மாதிரி நிக்க வேணும் எண்டு நினைச்சன். அண்ணா வீட்டுக்குப் பகலில போய்ச் சாப்பிட்டிட்டு வரலாம்தானே. பிள்ளையள் லயத்தில எப்பிடிப் படுக்குங்கள்?"

நான் படுத்த மாதிரிதான் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால், மறைப்பானேன், எனக்கும் அந்தப் பங்களாவின் மேல் ஆசை இருந்தது. முன்வாசல் வழியாக நுழைய வேண்டும். துரை உட்கார்ந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும். யாராவது தட்டில் தேநீர் கொண்டுவந்து "மேடம்" என்று நீட்ட வேண்டும். இங்கே நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்குத் தட்டு தூக்கும்போதெல்லாம் இப்படி ஏதாவது நினைத்துக்கொள்வேன். புலம்பெயர்ந்தவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இது இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். ஊருக்குப் போவதில் பாதி, ஊர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தானே.

அடுத்த ஞாயிறு அண்ணனை அழைத்து, பங்களாவில் அறை எடுத்திருக்கிறோம், இரண்டு இரவும் அங்கேதான் என்றேன். தண்ணீர், ஊசி, பிள்ளைகளின் வயிறு என்று காரணங்களை அடுக்கினேன்.

"அதுவும் நல்லதுதான் தங்கச்சி. இங்க மழைக்கு அட்டை ஏறும், புள்ளைங்க பயந்துரும். பங்களாவுக்குள்ள நம்மள விடுவாங்களோ என்னமோ. நானும் அண்ணியும் ரோட்டு மொடக்குல வந்து நிக்கிறோம். வேன் போறப்ப செத்த நிப்பாட்டுங்க, புள்ளைங்கள பாத்துக்குறோம்."

குத்திக்காட்டவில்லை. சுத்தமான மனதோடு சொன்னார், அதுதான் சுட்டது. அப்பா ரோட்டோரத்தில் நின்றார். இப்போது என் வேனுக்காக அண்ணன் நிற்பார். நான் கண்ணாடியை இறக்கிக் கையாட்டுவேன்! எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. "யாரும் எங்கயும் நிக்க வேணாம். ரெண்டு ராத்திரியும் நம்ம வீட்லதான். பூட்டுக்கு எண்ண போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, கணவர் வருவதற்குள் பங்களா பதிவை ரத்து செய்தேன். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கடைக்குப் போய், அட்டைக்குப் பூச என்று ஏதோ மருந்து வாங்கி வந்தார். அவருக்குச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போனோம். மழை, மூடுபனி, எலும்புக்குள் இறங்கும் குளிர். களிம்பு பையை விட்டு வெளியே வரவில்லை. கொமட்டை ஏழு வயதுச் சின்னவள் திறந்துவைத்தாள். வெளியே வந்தபோது பாதி லயமும் கூடி நின்று, "வசதியா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டது. அவளுக்குக் கைதட்டல் வேறு. இரவு அண்ணன் குடும்பம் அடுப்பங்கரைத் தரையில் படுத்துக்கொண்டு உள்ளறையான காம்பராவை எங்களுக்கு விட்டது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கணவர் நன்றாகக் குறட்டை விட்டார்.

இரண்டாம் நாள் காலை மழை விட்டிருந்தது. அண்ணியின் கவுனை மாட்டிக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றி, பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பங்களாப் பக்கமிருந்து ஒரு வழிகாட்டியோடு வெள்ளைக்காரர்கள் சிலர் லயம் பார்க்க இறங்கி வந்தார்கள். பேச்சு காதில் விழுந்ததும் திடுக்கிட்டேன். பேர்ன் பக்கத்துப் பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து. அவர்களில் நரைத்த முடிக்காரப் பெண் ஒருத்தி முதலில் என்னைப் படம் எடுத்தாள். நான் குனிந்து சட்டையைக் கும்மினேன். பிறகு பையிலிருந்து ஒரு கட்டுப் பேனாவை எடுத்தாள். லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் நிற்பதால் என் சின்னவளும் நின்றாள். வெறுங்கால், சேறு, அண்ணன் மகளின் பழைய ஸ்வெட்டர். முறை வந்ததும் நீட்டிய பேனாவைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான பேர்ன் பேச்சில் நன்றி சொல்லி, "மெர்சி. நீலம் இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையைப் பார்த்தாள், லயத்தைப் பார்த்தாள், வழிகாட்டியைப் பார்த்தாள். ஏமாற்றப்பட்டது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் கணவர் சத்தம் காட்டாமல் காம்பராவுக்குள் போய்விட்டார். வாசலில் நின்ற அண்ணனுக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. "வாங்கிக்கங்க மருமகளே! நம்ம புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுக்குறாங்கல்ல" என்றார். பேனாவின் ஒரு முனையை அந்தப் பெண் விடவில்லை. மறுமுனையை என் மகளும் விடுவதாக இல்லை.