ராசாத்திக்குப் பிறந்த கலவன்

1. சம்பந்தம்

சர்க்கஸ் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய அவமானம் ஒரு புலியால் வந்தது. அப்போது ராசாத்தி என்ற பெண் சிங்கம் என் பொறுப்பில் இருந்தது. நான் வைத்தால்தான் இறைச்சியைத் தொடுவாள். அந்தப் பெருமையில் என் கால் நிலத்தில் படவில்லை.

அறுபதுகளில் ஒரு மாரிக்காலம். மழையால் காட்சிகள் நின்றுபோக, தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையில் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியில் மிருகங்களை அடைத்தோம். இடம் போதாது. ராசாத்தியின் கூட்டுக்கும் சுல்தான் என்ற புலியின் கூட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிக் கதவு மட்டும்தான். முதலாளி அதைத் திறக்கச் சொன்னார்.

“சிங்கமும் புலியும் கலந்த குட்டி ஒண்டு பிறந்தால் தீவுச் சனமெல்லாம் திரண்டு வரும். திறவும்!”

“அடிபட்டுச் செத்துப்போகும், முதலாளி.”

கதவைத் திறந்தேன். இரண்டும் அடிபடவில்லை. ஒரு சின்னக் கடியாவது கடித்திருக்கலாம். ராசாத்தி போய் அவன் கழுத்தில் தலையை உரசினாள். வருடக்கணக்காக இறைச்சி சுமந்தவன் நான். நேற்று வந்தவனுக்கு இந்த உபசாரம்.

சுருவில் என்ற ஊரிலிருந்து எங்களுக்குப் பால் கொண்டுவரும் அன்னம்மாக்கா கேட்டா: “என்ன தம்பி, பெண்சாதியை ஆரோ கூட்டிக்கொண்டு போனமாதிரி நிக்கிறீர்?”

“எனக்கொண்டுமில்லை.”

“ஓமோம். முகத்திலை தெரியுது.”

2. கலவன்

குட்டி பிறந்தது. நிறம் சிங்கம், முதுகில் மங்கலாகப் புலிவரி. ஆணும் பெண்ணும் கலந்து படிக்கும் எங்கள் ஊர்க் கலவன் பள்ளிக்கூடத்தைப் போல அதற்கும் கலவன் என்றே பெயர் வைத்தோம். தாயிடம் பால் இல்லை. அவள் கூட்டுக்குப் பக்கத்தில் தனிக் கூட்டில் வைத்து அன்னம்மாக்காவின் ஆட்டுப்பாலைப் போத்தலில் கொடுத்தேன். புளியங்கூடலிலிருந்தும் காரைநகரிலிருந்தும் சனம் வந்து பார்த்தது. இனிச் சுல்தான் தேவையில்லை என்று முதலாளி அவனைத் தெற்கே விற்றார். லொறியில் ஏற்றும்போது முன்னுக்கு நின்று தள்ளியவன் நான்தான். அவ்வளவு சந்தோஷம்.

அன்றோடு ராசாத்தி சாப்பாட்டை நிறுத்தினாள். நான் வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. இப்படியே போனால் செத்துவிடுவாள்.

ஒரு நாள் கலவன் என்னைக் கண்டதும் மூக்கால் ‘புர்ர்’ என்று காற்றை விட்டான். தமக்குப் பிடித்தவரைக் கண்டால் புலிகள் செய்வது அது. சிங்கத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. தகப்பனின் சத்தம் அப்படியே குட்டியிடம்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் படுத்துக் கிடந்த ராசாத்தி எழுந்து கம்பியடிக்கு வந்துவிட்டாள்.

வேறு வழியில்லை. இறைச்சியை நீட்டி, நானும் மூக்கால் ‘புர்ர்’ என்றேன். தின்றாள்.

அன்னம்மாக்கா சிரித்தா. “உமக்கு வெக்கமில்லையோ?”

“சாகவிடச் சொல்லுறியளோ, அக்கா?”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாப்பாடு போடுவது உங்கள் வேலை; அதற்காக மிருகம் உங்களுடையதாகிவிடாது. ராசாத்தி அதற்குப் பிறகும் பல வருடம் என் கையால்தான் தின்றாள். ஒவ்வொரு தடவையும் என்னைச் சுல்தான் என்று நினைத்து.