பிடிக்காத பசை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது லண்டனில் இருந்து எனக்கொரு றெயில் வந்தது. அனுப்பியவரை நான் கண்டதில்லை. அம்மாவின் தங்கையை, என் சின்னம்மாவை, கலியாணம் செய்யவிருந்தவர் அவர். பெண்ணை அழைத்துக்கொள்வதற்கு முன் அந்த வீட்டுப் பிள்ளையைச் சமாதானம் பண்ணிவிட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு உண்மையான றெயில் வராமல் விட்டு அப்போது இரண்டு வருடம். போர் காரணமாகப் பற்றரிக்கும் தடை. சாவி முறுக்கினால் ஓடுகிற றெயில் என்றபடியால்தான் அது வழியில் மறிபடாமல் மருதனார்மடத்தில் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. ஆனால் கிளாலிக் கடலில் வள்ளத்தில் வரும்போது யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு துண்டின் நாக்கை மற்றத் துண்டின் பொந்துக்குள் செருகி வட்டமாகப் பூட்டவேண்டிய கறுப்புப் பிளாஸ்டிக் தண்டவாளம் அது. ஐந்து துண்டுகளின் நாக்கு முறிந்திருந்தது.

நான் நிலத்தில் விழுந்து அழுதேன். சின்னம்மா முறிந்து விழுந்த பிளாஸ்டிக் சில்லுகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார்.

"அழாதை பிள்ளை. உன்ரை றெயிலை ஓட வைச்சுப்போட்டுத்தான் நான் போவன்."

அழுகிற பிள்ளைக்கு எவரும் சொல்லக்கூடியதுதான். நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் அப்பா, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிற சொலூசனைப் பூசிப் பார்த்தார். காய்ந்ததும் அது பாலாடை போல உரிந்து கையோடு வந்தது.

"ரப்பரைப் பிடிக்கிறது பிளாஸ்டிக்கைப் பிடிக்குமே, அத்தான்?" என்று சின்னம்மா சிரித்தார்.

அவர் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை செய்தவர். எதன் மூடியையும் லேபிளை வாசிக்காமல் திறக்கமாட்டார். வீட்டில் இருந்த பசைகளை எல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் முதலில் உதவாத சில்லொன்றில் தடவிப் பார்த்தார். கோந்து நகத்தால் தட்டவே கழன்றது. வெங்காயத் தோட்டத்துக் குழாய்களைப் பொருத்த அப்பா வைத்திருந்த தகர ரின்னில் இருந்த பசை மட்டும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் இளக்கி ஒன்றோடொன்று சேரவைத்தது.

"இதுதான் சரி. ஆனால் வீட்டுக்குள்ளை திறக்கப்படாது. மணம் தலையைச் சுத்தும். நெருப்புக் கண்டால் பத்தும்."

எனவே விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன், அடுப்படியில் இருந்து தள்ளிக் கிணற்றடியில், காற்றுப் படுகிற பக்கமாக இருந்து வேலை நடந்தது. ஈர்க்கு நுனியில் ஒரே ஒரு துளி. கூடினால் தண்டவாளமே உருகிக் கோணிவிடும் என்றார். ஒட்டிய நாக்கை நூலால் கட்டி நிழலில் வைத்தார்.

"ஒரு நாள் காயோணும். ஒண்டு பிடிச்சதைப் பாத்துப்போட்டு மற்றதை ஒட்டுவம்."

அன்றிரவு சாப்பிடும்போது, சின்னம்மாவுக்கு ஊரை விட்டுப் போவதற்கான பிரயாணப் பாஸ் கிடைத்துவிட்டது என்று அப்பா சொன்னார். நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன். ஐந்து நாக்கு, ஐந்து நாள்.

விடிந்ததும் முதலில் எழும்பியவள் நான். நூலை உருவி, நாக்கை வளைத்தேன். 'டிக்' என்றது. பிறகு நூலை முன்பிருந்தது போலவே சுற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சின்னம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முறிந்த விளிம்பை நகத்தால் தடவினார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"பசை பிடிக்கேல்லைப் போல," என்றார்.

மருந்து கலக்கிறவரையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அரத்தாளால் உரோஞ்சித் திரும்பவும் ஒட்டினார். நான் திரும்பவும் முறித்தேன். இன்னும் ஒரு நாள் கூடக் காயவேண்டும் போலிருக்கிறது என்றார், காயவிட்டார், முறித்தேன். இப்படியே ஒரு கிழமைக்கு மேல் போனது. பெட்டி அடுக்க அம்மா கூப்பிடும்போதெல்லாம், "உது காயட்டும் அக்கா, வாறன்," என்று கிணற்றடியிலேயே இருந்தார். நான் பக்கத்தில் இருந்து நூல் பிடித்தேன்.

அப்பாவுக்குத்தான் பொறுமை இல்லை.

"மச்சாள், பாலம் கட்டவும் உவ்வளவு நாள் எடுக்காது. நீர் போறதுக்கிடையிலை இது முடியுமே?"

"அவசரப்பட்டா ஒண்டும் பிடிக்காது, அத்தான்."

அப்பா சந்தையில் எங்கோ தேடி ஒரு சின்னச் சுப்பர் குளூ வாங்கிவந்தார். பிள்ளைகள் தொடக்கூடாது என்று சின்னம்மா அதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆனால் அப்பாவின் வற்புறுத்தலுக்காக அதைத்தான் அன்று பூசினார்.

அடுத்த நாள் காலை அந்த நாக்கு அசையவில்லை. முழங்காலில் வைத்து அமத்தினேன். ஒட்டிய இடம் அப்படியே இருக்க, தண்டவாளம் நெடுகிலும் வெடித்தது. நான் கதிரையை இழுத்து ஏறி, அந்தப் பசையை எடுத்து, வெடிப்பில் பிதுக்கினேன். அது என் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வழிந்தது. ஒரு கணம்தான். இரண்டு விரலும் தண்டவாளமும் ஒன்றாகிவிட்டன.

இழுத்தேன். நொந்தது. கத்தினேன்.

சின்னம்மாதான் ஓடிவந்தார். ஏச்சு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து சவர்க்காரத்தைக் கரைத்து, என் கையை அதற்குள் வைத்தார்.

"இழுக்காதை. இழுத்தால் தோல் உரிஞ்சு வரும். கண்ணிலை மற்றக் கையை வைச்சிடாதை. பொறு."

என்னை மடியில் இருத்தி, விரல்களை மெல்ல மெல்ல உருட்டினார். கனநேரம் எடுத்தது. முதலில் தண்டவாளம் கழன்றது, பிறகு விரல்கள். எல்லாம் விடுபட்ட பிறகும் என் கையை விடாமல் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"கண் எரியுதே, சின்னம்மா?"

"ஓம் பிள்ளை. உந்தப் பசையின்ரை புகை."

நான் எட்டி யன்னலைத் திறந்துவிடப் போனேன். அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது.

அன்று பின்னேரம் சின்னம்மா கிணற்றடியில் உட்கார்ந்து மற்ற நான்கு நாக்குகளையும் ஒரே இருப்பில் ஒட்டினார். வெடித்த துண்டுக்கு அடியில் ஒரு சில்லை வைத்து அணை கொடுத்தார். எல்லாம் அந்தக் குழாய்ப் பசையால்தான். நான் ஒன்றையும் முறிக்கவில்லை. விரல் நுனிகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அதோடு, இனி ஒரு தண்டவாளம் வெடிக்கிற சத்தத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அடுத்த நாள் றெயில் ஓடியது. வெடித்த இடத்தில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தது. சின்னம்மா சாவியை முறுக்கித் தந்துகொண்டே இருந்தார்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அவர் புறப்பட்டார். பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அப்பா படலையடியில் நின்றார். அம்மா தங்கையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டபடி கேட்டார்:

"கடைசியிலை ஒரு பின்னேரத்திலை ஒட்டி முடிச்சனி. பிறகேன் உவ்வளவு நாளும் மினைக்கெட்டனி?"

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் இடையில் புகுந்து, "அது பழைய பசையம்மா. கிடக்கக் கிடக்கத்தான் பிடிக்கும்," என்றேன்.

சின்னம்மா குனிந்து என் இரண்டு விரல்களையும் சேர்த்துக் கொஞ்சினார். "ஓம். பிள்ளை சொல்லுறதுதான் சரி," என்றார்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நல்ல வேளை, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் நான் கை காட்டிக்கொண்டு நின்றேன்.