புதன்கிழமை ஒன்றரை மணிக் கூட்டம்

நான் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறவள். வேலை சென்னைக் கம்பெனியில். உட்கார்ந்து செய்வது காஞ்சிபுரத்தில், என் வீட்டு மாடியில். ஓட்டலில் இடம் பிடித்துத் தரும் எங்கள் செயலியை என் சொந்த ஊரில் ஒரு ஓட்டலாவது எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் நான்தான். கோயிலுக்குப் பக்கத்தில் இலைச் சாப்பாடு போடும் ஓட்டலின் முதலாளி சம்மதித்தார். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன்.

முகூர்த்த மாதம் வந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணப் பட்டு எடுக்க வேன் வைத்து வருகிறவர்கள் காலையிலேயே செயலியில் பெயர் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். மேஜை காலியானால் போனுக்கு அழைப்பு போகும். கொஞ்ச நேரத்தில் வரவில்லை என்றால் பெயர் வரிசையிலிருந்து நீங்கிவிடும். மற்ற நாளெல்லாம் இது ஒழுங்காக ஓடியது. புதன்கிழமை மட்டும் அழைத்தால் ஒருத்தரும் வருவதில்லை. மேஜைகள் காலியாகக் கிடக்கும். ஒன்றரை மணிக்கு அத்தனை பேரும் ஒன்றாக வந்து, காலையிலேயே பெயர் போட்டோமே என்று வாசலில் மல்லுக்கு நிற்பார்கள். ஒரு மாப்பிள்ளையின் அத்தை அண்ணாவைப் பிடித்த பிடியில் மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார். அடுத்த புதனும் இதே கதை என்றால் இந்தச் செயலியே வேண்டாம் என்று அன்று சாயங்காலமே என்னிடம் சொல்லிவிட்டார். ஒரு ஓட்டல் போவதைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை. எனக்கு அது மானப் பிரச்சினை. சொந்த ஊரிலேயே செல்லாக்காசு என்றால் வெளியில் எப்படித் தலை காட்டுவது?

அழைப்பை இன்னும் இரண்டு தடவை அனுப்பினால் சரியாகிவிடும் என்றார் எங்கள் மேலாளர். பசித்தவன் வராமல் இருப்பானா என்று கேட்டார். பசித்தவன் வருவான், முகூர்த்தப் பட்டை விட்டுவிட்டு வரமாட்டான் என்றேன். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் கல்யாணச் சேலைக்கு யாரும் பில் போட மாட்டார்கள். எழுந்து போனால் பக்கத்துக் கூட்டம் தட்டிக்கொண்டு போய்விடும் என்று, பிடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு நாங்களும் அப்படித்தான் வயிறு காயக் காவல் காத்தோம்.

மேலாளர் சிரித்தார். செயலிக்குள் பஞ்சாங்கத்தை ஏற்றப் போகிறீர்களா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பஞ்சாங்கம் வேணாம் சார். 'நீங்க முன்னாடி போங்க'ன்னு அடுத்தவங்களுக்கு வழி விட ஒரு பட்டன் குடுங்க, போதும்."

ஒரு புதன்கிழமை, ஒரே ஒரு ஓட்டல் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார். நான் முழுமனதாக வரைந்தேன். அழைப்பு வரும்போது அந்தப் பட்டனை அமுக்கினால் அடுத்தவர் உட்காருவார். நம் பெயர் வரிசையில் நம் இடத்திலேயே நிற்கும். சேலைக்குப் பில் போட்டதும் 'நாங்க ரெடி' என்று அமுக்கினால், நம் முறைக்குக் காலியாகும் மேஜை நமக்கு. நமக்கு முன்னால் எத்தனை குடும்பம் என்பதும் தெரியும். மறுபடி அழைப்பு வரும்வரை கடையின் ஏசியிலேயே உட்கார்ந்திருக்கலாம். "உங்கள் காத்திருப்பு ரத்து செய்யப்பட்டது" என்று மூஞ்சியில் அடிக்கும் பழைய வாக்கியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "சேலையை எடுத்துட்டு நிதானமா வாங்க. உங்க இலை எங்கயும் போகாது" என்று எழுதினேன்.

புதன்கிழமை மதியம் ஓட்டலிலேயே போய் நின்றேன். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. அண்ணா பதறிப்போய் வந்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்ச? வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஓடாத ஓட்டல்னு நெனச்சிக்கப் போறாங்க."

உள்ளே திரும்பிப் பாருங்கள் என்றேன். சாமி கும்பிட வந்தவர்கள், வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், ஜவுளிக்கடைப் பையன்கள் என்று எல்லா இலையிலும் ஆள் இருந்தது. போன புதன் ராகு காலத்தில் காலியாகக் கிடந்த மேஜைகள்தான் அவை. ஒன்றரை மணிக்கு அவர் கல்லாவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டார். அழைப்பு போன ஒரே ஒரு குடும்பம் வந்தது. பட்டுப் பையை மார்போடு அணைத்திருந்த அம்மாள், எங்கள் இலை எது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவர்கள் பாயசத்துக்கு வந்தபோது அடுத்த குடும்பம் வந்தது. கடைசிவரை ஒரு குரல் உயரவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பட்டன் இப்போது எல்லா ஊர் ஓட்டல்களிலும் இருக்கிறது. மேலாளர் அதை 'நம்ம ஐடியா' என்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

காத்திருப்பவர்களுக்காக வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அண்ணா எடுத்துவிட்டு, அங்கே இன்னொரு சாப்பாட்டு மேஜையே போட்டுவிட்டார். முதல் இலை எனக்குத்தான் என்றார். நான் குறுக்கே புக மாட்டேன் என்று வீட்டிலிருந்தே பெயர் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது: "இலை போட்டாச்சு, வாங்க." நானே எழுதிய வரி. இருந்தும் யாரோ வாசலில் நின்று அழைத்ததைப் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நான் இலை முன் உட்கார்ந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்துப் பணம் கொடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், காக்க வைக்காமல் கூப்பிடும் இந்தச் செயலி எந்த வெளிநாட்டுக் கம்பெனியுடையது என்று கல்லாவில் விசாரித்தார். அண்ணா எட்டி என் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளிநாடா? நம்மூரு பொண்ணு பண்ணதுப்பா. தோ, சாம்பாருக்குக் காத்துக்கினு இருக்குது பாரு."