தயிருக்கு மதிப்பெண் போட்ட முகம்

என் முகம் எட்டு மாதம் ஒரு வேலை பார்த்தது. எனக்கே தெரியாமல் பார்த்ததால் அதற்குத் தனிச் சம்பளம் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் போகிற வழியில் என் மனைவியின் தம்பி தயிர்க் கம்பெனி வைத்திருக்கிறார். ஆனால் எந்தக் கடையில் கேட்டாலும் அவர் பெயரில் ஒரு கப் தயிர் கிடைக்காது. தயிர் எங்களுடையது, பெயர் அடுத்தவருடையது. நீல மூடி போட்டால் அது சென்னையில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் தயிர். பச்சை மூடி போட்டால் மதுரையில் நாலு கடை வைத்திருப்பவரின் தயிர். கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கு வெண்ணெய் போகும், சின்ன மண்குடுவையில், அவர்கள் வீட்டு வாசல் படம் ஒட்டி. காலையில் வருகிற பால் என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சென்னைக்காரருக்குப் புளிப்பு தலைகாட்டக் கூடாது. மதுரைக்காரருக்குப் புளிக்காவிட்டால் அது தயிரில் சேர்த்தியே இல்லை. ஆகவே நீல மூடியைச் சீக்கிரமாகக் குளிர் அறைக்கு அனுப்பிவிடுவோம். பச்சை மூடி இன்னும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வரும்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மிச்ச ஆயுளைப் புத்தகங்களோடு கழிப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆறு மாதம் அப்படித்தான் கழிந்தது. ஏழாவது மாதம் என் மனைவி தம்பிக்கு போன் போட்டாள். "பொழுதன்னிக்கும் பொஸ்தகத்தைப் படிச்சுப்புட்டு, சாம்பார் கொதிக்கையில வந்து நின்னு வெளக்கம் சொல்றாருடா. ஒங்கூடக் கூட்டிட்டுப் போயி எங்குட்டாச்சும் உக்கார வையி." அவர் என்னைக் கூட்டிப்போய்த் 'தர ஆவணப் பொறுப்பாளர்' என்று உட்கார வைத்தார். அதுவரை தயிரைச் சாப்பிடுகிற பக்கத்திலிருந்து மட்டுமே அறிந்தவன் நான்.

தரத்தைப் பார்ப்பது வேறு ஒருவர். என் வயதுள்ள ஒரு அம்மா. பால் கேன் கழுவுகிற வேலைக்கு வந்தவராம். ஒருநாள் ஒரு காலிக் கேனுக்குள் தலையை விட்டு மோந்து, "இந்த வண்டியில மண்ணெண்ணெய் ஏத்தியிருக்காக" என்று சொல்லிவிட்டார். டிரைவர் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார். இரண்டு நாள் கழித்து, முந்தின சாயங்காலம் மாமனார் வீட்டுக்கு ஒரு டின் கொண்டுபோனதை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் எல்லோரும் நின்றுகொண்டுதான் வேலை பார்ப்பார்கள், அதுவும் ஈரத் தரையில். வருஷக்கணக்காகக் கேன் கழுவியதில் அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. குத்தவைத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். ஆய்வு அறைக்கு வெளியே, ஜன்னல் ஓரமாக, நீலப் பிளாஸ்டிக்கில் கிடந்த அந்த நாற்காலியில்தான் அவருடைய பிழைப்பு இருந்தது. அதை விட்டு எழுந்தால் மறுபடி கேன் பக்கம்தான். கேன் பக்கம் போனால் ஒரு மாதம் தாங்க மாட்டார்.

கொழுப்பையும் புளிப்பையும் ஆய்வு அறையில் அளந்துவிடலாம். வாடையை அளக்க மட்டும் எங்களிடம் கருவி கிடையாது. அடிப்பிடித்த வாடை, மாடு எதையோ மேய்ந்த வாடை, கப்பின் பிளாஸ்டிக் வாடை எல்லாவற்றுக்கும் ஒரு மூக்கு வேண்டும். அதற்காக ஒரு தாள் உண்டு. நிறம், மணம், சுவை, இறுக்கம் என்று நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துத் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் ஆள் அவர். இரண்டாவது ஆள் நான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர், முதல் கரண்டித் தயிரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க வாயில வைங்கண்ணே. நீங்க படிச்சவுக."

இத்தனை வருஷம் படித்ததற்குக் கிடைத்த முதல் மரியாதை அது. வீட்டில் கிடைக்காதது தயிர்க் கம்பெனியில் கிடைத்தது. தினமும் நான் முதல் கரண்டியை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சபையில் ராகத்துக்குத் தலையாட்டுகிறவர் போல நிற்பேன். பிறகு அவர் ஒரு கரண்டி சாப்பிடுவார், மதிப்பெண் எழுதுவார். நான் அவர் தாளை ஓரக்கண்ணால் பார்த்து, அவர் எட்டு போட்டிருந்தால் ஏழரை, ஏழரை போட்டிருந்தால் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த அரை மதிப்பெண் வித்தியாசம் என் சொந்தக் கற்பனை. சுயமாகச் சிந்திக்கிற ஆள் என்று தாளைப் பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டாமா?

என் பல் பிடுங்கப்பட்ட நாளில் இது முடிவுக்கு வந்தது.

காலையில் காரைக்குடியில் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு, இடது கன்னமும் பாதி உதடும் மரத்துப்போன நிலையில் கம்பெனிக்கு வந்தேன். உள்ளே நுழைந்தால், நீல மூடிக்காரர்களின் பெண் அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். முப்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி, கையில் ஐஸ் பெட்டி. என் மைத்துனர் பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்துக் களைத்திருந்தார்.

"சார், ஒரு சின்ன டெஸ்ட்" என்றார் அதிகாரி. பெட்டியிலிருந்து மூடியில்லாத மூன்று கப் எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதுல ரெண்டு ஒரே தயிர். ஒண்ணு வேற. எது வேறன்னு அம்மா சொல்லணும். அவ்வளவுதான்."

அந்த அம்மா மூன்றையும் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி மூன்றையும் சாப்பிட்டார். பிறகு பழக்கம் போல ஒரு கரண்டியை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்களும் ஒரு வாய்…"

"இல்லம்மா, நீங்க மட்டும்தான்" என்றார் அதிகாரி. ஆனால் அதற்குள் கரண்டி என் வாய்க்குள் போய்விட்டது. தயிர் பாதி உள்ளே போயிற்று, பாதி மோவாயில் வழிந்தது. அந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். தைரியத்துக்காகப் பார்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். சிரிப்பு வலது பக்கம் மட்டும் வந்தது. "பாதி மூஞ்சி நல்லாருக்குங்குது, பாதி மூஞ்சி கீழ ஊத்துங்குது. நான் எதைன்னு எடுத்துக்கிறது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார்.

அவர் கரண்டியைத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டார்.

"எனக்கு மணம் தெரியலம்மா" என்றார் அதிகாரியிடம். "காய்ச்சலுக்குப் பெறகு தெரியல. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மாட்டுக்கொட்டாயும் ஒண்ணுதான்."

என் மைத்துனரின் சிரிப்பு நின்றது. "அப்ப எட்டு மாசமா இங்க யாரு பாத்தது?"

அந்த அம்மா மோவாயை என் பக்கம் காட்டினார். "அண்ணே மொகந்தான் தம்பி. அண்ணே ஒரு வாய் வச்சாகன்னா எல்லாம் மொகத்துல வந்துரும். நல்லாருந்தாப் புருவம் எறங்கும். வாடை இருந்தா மூக்கோரம் ஒரு சுருக்கு விழுகும். ரெம்ப மோசம்னா தூணைப் பாப்பாக. நான் அதைப் பாத்து மார்க்குப் போட்டேன்."

நான் என் முகத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் வைத்திருந்தேன். உள்ளே நடப்பதை வெளியே விடாத முகம் என்று. சீட்டாட்டத்தில் முப்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டு வருகிறேன், அதற்கு வேறு ஏதோ காரணம் என்று இருந்துவிட்டேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்போ சார், நீங்கதான் டேஸ்ட் பண்ணியிருக்கீங்க. உங்க மார்க்கும் ஷீட்ல இருக்கே?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். என் பெயர் தப்பித்திருக்கும், குற்றம் முழுவதும் நாற்காலியில் இருந்தவர் தலையில் விழுந்திருக்கும். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவுங்க போட்டதைப் பாத்து எழுதுனது" என்றேன். மரத்த வாயில் அது சரியாக வரவில்லை. அதிகாரி "என்ன சார்?" என்றார். மறுபடி சொன்னேன். "சாரி, புரியல" என்றார். வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையை ஒப்புக்கொள்வதே சிரமம். நான் மூன்று தடவை, எச்சில் ஒழுக, ஒப்புக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க உங்க முகத்தப் பார்த்து எழுதினாங்க. நீங்க அவங்க பேப்பரப் பார்த்து எழுதினீங்க. அப்படித்தானே?" பிறகு புகார் ஃபைலைக் கேட்டு வாங்கினார். எட்டு மாதத்தில் நீல மூடிக்கு வந்த புகார் இரண்டு. இரண்டும் மூடி சரியாக ஒட்டவில்லை என்பது. ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: "தயிர் நல்லாத்தான் போயிருக்கு. ஆனா ரிப்போர்ட்ல நான் 'முகம்'னு எழுத முடியாது. மணம் தெரிஞ்ச ஒருத்தர் பார்க்கணும். அடுத்த மாசம் வருவேன், அவர் இந்த மூணு கப் டெஸ்ட் பாஸ் பண்ணணும். இல்லேன்னா ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடும்." போகும்போது அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "டாக்டரைப் பாருங்கம்மா" என்றார்.

கார் போன பிறகு மைத்துனர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா, நாளையிலேர்ந்து கேன் பக்கம் போயிருங்க" என்றார்.

அந்த அம்மா டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்து முடிக்க நேரமாயிற்று.

"அப்ப நானும் கேன் பக்கம் போறேன் மாப்ளே" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. மருந்து மூளைவரை ஏறியிருக்க வேண்டும். "அவுங்களாச்சும் மூக்கைக் காய்ச்சல்ல விட்டாக. நான் மூக்கு நல்லாருந்தே எழுதல."

"நீங்க கழுவுன கேன்ல பால் ஊத்துனா கம்பெனி வெளங்குமா அத்தான்?" என்று அவர் என்னை முறைத்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஒருத்தரை எறக்குனா ரெண்டு பேரையும் எறக்கணும். ஒங்களைக் கேன் கழுவ விட்டேன்னு தெரிஞ்சா அக்கா என்னைய வாசப்படி ஏத்த மாட்டா." அந்த அம்மாவைப் பார்த்தார். "மோந்து பாக்கத்தான முடியல? புளிப்புத் தெரியுதா?"

"புளிப்பு, உப்பெல்லாம் நல்லாத் தெரியுது தம்பி. கண்ணும் நல்லாருக்கு. அந்த ஒட்டாத மூடியெல்லாம் நானே பாத்துச் சொல்லிருவேன்."

"அப்ப உக்காருங்க. எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நாக்காலியை எடுத்துருவீக."

மைத்துனர் நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மணம் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகத்தை விரித்து மோந்து பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தாத மூக்கு, மாத முடிவில் மூன்று கப் பரீட்சையில் தேறிவிட்டது. இப்போது நான்தான் முதலில் எழுதுகிறேன். பார்த்து எழுத முன்னால் தாள் எதுவும் இல்லாமல் ஒரு மதிப்பெண் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம் நின்றேன். அந்த அம்மா வைத்தியம் பார்க்கிறார். காப்பி வாசனை கொஞ்சம் வருகிற மாதிரி இருக்கிறது என்கிறார், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

போன வாரம் நீல மூடி வண்டி கிளம்பத் தயாராக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மைத்துனர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நான் அவசரமாக ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, மணம் என்ற கட்டத்தில் ஏழரை என்று எழுதிப் பேனாவை மூடினேன்.

"அண்ணே" என்றார் அந்த அம்மா. "ஏழரையா போட்டீக?"

"ஆமா. ஏன்?"

"மொகம் அஞ்சுக்கு மேல சொல்லலையே."

இன்னொரு கரண்டி எடுத்து மெதுவாக வாயில் வைத்தேன். நனைந்த வைக்கோல் வாடை. லேசாகத்தான், ஆனால் இருந்தது. முதல் கரண்டியிலேயே இருந்திருக்கும். ஹாரன் சத்தத்தில் என் மூக்கு கண்டதைக் கை எழுதவில்லை.

ஏழரையை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மைத்துனர் வந்து தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வண்டிக்காரரிடம் இஞ்சினை அணைக்கச் சொன்னார். அந்த அம்மா டம்ளரில் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த தயிரு வரட்டும்ண்ணே" என்றார். "இந்தத் தடவை நிதானமா வாயில வைங்க."